வயலறிந்து உரைத்தல்

நுழையும்முன்

உடல் நலிந்தால் மருத்துவரை நாடுகிறோம். நோய் இன்னதென்று தெரியாமல் மருந்தை உட்கொள்வது தீங்கு தரும் என்பதை அனைவரும் அறிவோம். ஆயினும், பயிர் நலிந்தால் நோயை அறியும் முன்னரே மருந்தைத் தேடி விரைகிறோம். பயிரை நேரில் பார்த்து, காரணத்தை ஆராய்ந்து, செய்ய வேண்டியதையும் செய்ய வேண்டாததையும் எடுத்துரைக்கும் பயிர் ஆலோசகரால் உழவருக்கு விளையும் நன்மைகளைச் சங்கரன்கோவில் வட்டாரத்தின் கரிசல் வயல்களை முன்வைத்து விளக்குகிறது இப்பாடம்.

மண்ணைப் போற்றும் ஊர்

தென்காசி மாவட்டத்தின் வடபகுதியில் அமைந்துள்ள நகரம் சங்கரன்கோவில். சிவனும் திருமாலும் ஓருருவாய்க் காட்சிதரும் சங்கரநாராயணர் கோவிலும் அங்கு நடைபெறும் ஆடித்தபசு விழாவும் இவ்வூருக்குப் புகழ் சேர்த்துள்ளன. இக்கோவிலில் புற்றுமண் அருட்பொருளாக வழங்கப்படுகிறது. மக்கள் அதனை நெற்றியில் இட்டுக்கொள்கின்றனர். நோய் தீர்க்கும் பொருளாகக் கருதி வீட்டுக்கும் எடுத்துச் செல்கின்றனர். மண்ணை இவ்வளவு உயர்வாகப் போற்றும் ஊரின் வாழ்வும் மண்ணையே சார்ந்திருக்கிறது.

நகரைச் சுற்றிக் கரிசல் நிலமும் செம்மண் நிலமும் பரந்துள்ளன. வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசி, ஐப்பசித் திங்கள்களில் கரிசலில் மானாவாரியாக மக்காச்சோளம், பருத்தி, உளுந்து, பாசிப்பயறு ஆகியன விதைக்கப்படுகின்றன. கிணற்றுப் பாசனம் உள்ள இடங்களில் மல்லிகை மலர்கிறது. மேற்கே புளியங்குடிப் பகுதியில் எலுமிச்சைத் தோட்டங்கள் செழித்துள்ளன. ஒரே வட்டாரத்தில் இத்தனை வகைப் பயிர்கள் விளைவது பெருமைக்குரியது. எனினும், ஒவ்வொரு பயிருக்கும் வெவ்வேறு பூச்சி, வெவ்வேறு நோய், வெவ்வேறு பருவம் உண்டு. அனைத்தையும் ஓர் உழவர் தம் பட்டறிவால் மட்டுமே அறிந்துகொள்வது எளிதன்று. பட்டறிவுக்கு எட்டாத புதிய இடர் ஒன்று வரும்போது இவ்வுண்மை மேலும் தெளிவாகிறது. அத்தகைய இடர் 2018-ஆம் ஆண்டில் வந்தது.

முன்பின் அறியாத பகை

அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட படைப்புழு 2016-இல் ஆப்பிரிக்காவில் கண்டறியப்பட்டது. 2018 மே மாதத்தில் கர்நாடக மாநிலத்தின் சிவமொக்கா பகுதியில் மக்காச்சோளப் பயிரில் அது இருப்பது தெரியவந்தது. அவ்வாண்டின் பருவமழைக் காலத்திலேயே தமிழகத்து மக்காச்சோள வயல்களில் பெரும் இழப்பை உண்டாக்கியது. அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த சங்கரன்கோவில் வட்டாரமும் அதற்குத் தப்பவில்லை. பாதிக்கப்பட்ட உழவர்களுக்குத் தமிழக அரசு நிவாரணம் அறிவிக்க வேண்டிய நிலை ஏற்பட்டது.

உழவர்கள் மருந்து தெளிக்காமல் இருக்கவில்லை. பலர் மீண்டும் மீண்டும் தெளித்தனர். ஆயினும் புழு சாகவில்லை. இதற்கான காரணம் அப்பூச்சியின் வாழ்க்கைமுறையில் உள்ளது. தாய் அந்துப்பூச்சி இரவில் பறந்து வந்து இலைகளில் குவியலாக முட்டையிடும். முட்டையிலிருந்து வெளிவரும் சிறு புழுக்கள் முதலில் இலையின் பச்சையத்தைச் சுரண்டித் தின்னும். சில நாள்களில் அவை செடியின் குருத்துக்குள் புகுந்துவிடும். அங்கு அவை கழிக்கும் எச்சம் மரத்தூள்போல் குருத்தின் வாயை அடைத்துக்கொள்ளும். அதன்பின் இலைமேல் தெளிக்கும் மருந்து புழுவைச் சென்றடைவதில்லை. வளர்ந்த புழு தன் இனப் புழுவையே தின்னும் இயல்புடையது. ஆதலால் ஒரு குருத்தில் பெரும்பாலும் ஒரு பெரிய புழுவே எஞ்சும். அந்த ஒரு புழுவே செடியை அழிக்கப் போதுமானது.

சிறு புழுவாக இருக்கும் நாள்களிலேயே அதனைக் கண்டறிந்தால் கட்டுப்படுத்தலாம். அந்நாள்களைத் தவறவிட்டால் செலவு மிகும், பயன் குறையும். எந்த மருந்து என்பதைவிட எந்த நாள், செடியின் எந்த இடம் என்னும் அறிவே அங்கு முதன்மையாகத் தேவைப்பட்டது.

கடையில் பெறும் அறிவுரை

பயிரில் ஓட்டை விழுந்த இலையைக் கண்ட உழவர் அதனைக் கிள்ளிக்கொண்டு மருந்துக் கடைக்குச் செல்கிறார். “அண்ணாச்சி, இதுக்கு என்ன மருந்து அடிக்கலாம்?” என்று கேட்கிறார். கடைக்காரர் இலையைப் பார்த்து ஒரு புட்டியை எடுத்துத் தருகிறார். நம் ஊர்களில் நாள்தோறும் நிகழும் காட்சி இது.

கடைக்காரர்களில் நேர்மையும் நீண்ட பட்டறிவும் உடையவர் பலர் உள்ளனர். இடுபொருள் விற்பனையாளர்களின் அறிவை வளர்ப்பதற்கென ஐதராபாத்திலுள்ள தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம் ஓராண்டுப் பட்டயப் படிப்பு ஒன்றையும் நடத்திவருகிறது. எனினும் இம்முறையில் இரண்டு குறைகள் உள்ளன. முதலாவது, கடைக்காரர் காண்பது ஓர் இலையை மட்டுமே; வயலைக் காண்பதில்லை. இரண்டாவது, மருந்து விற்றால்தான் அவருக்கு வருவாய். ‘இப்போது மருந்து தேவையில்லை’ என்பதே சரியான அறிவுரையாக இருக்கும் நாளில், அதனைச் சொல்வதால் அவருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. இது தனிமனிதரின் குறையன்று, அமைப்பின் குறை. பிரான்சு நாட்டில் பயிர்ப் பாதுகாப்பு மருந்து விற்பனையையும் அதற்கான அறிவுரை வழங்குதலையும் வெவ்வேறாகப் பிரிக்கும் சட்டம் 2021-இல் நடைமுறைக்கு வந்தது. உலக நாடுகள் இக்குறையை உணரத் தொடங்கியமைக்கு அது சான்றாகும்.

பொருந்தாத அறிவுரையால் இழப்பது பணத்தை மட்டுமன்று. மகாராட்டிர மாநிலத்தின் யவத்மால் மாவட்டத்தில் 2017-ஆம் ஆண்டு பருத்திக்கு மருந்து தெளித்தபோது நச்சுத் தாக்கி இருபதுக்கும் மேற்பட்ட உழவர்களும் தொழிலாளர்களும் உயிரிழந்தனர். பயிரைக் காக்கச் சென்றவர்கள் தம் உயிரைக் காத்துக்கொள்ள இயலாமற் போன அந்நிகழ்ச்சி, மருந்தைக் கையாளும் அறிவின் இன்றியமையாமையை நாட்டுக்கு உணர்த்தியது.

தெரிந்து தெளிவோம்

பூச்சிமருந்துக் கொள்கலன்களின் மேல் நச்சுத்தன்மையைக் குறிக்கும் வண்ண முக்கோணம் அச்சிடப்பட்டிருக்கும். சிவப்பு – மிகக் கடுமையான நச்சு. மஞ்சள் – கடுமையான நச்சு. நீலம் – நடுத்தர நச்சு. பச்சை – குறைந்த நச்சு. பச்சை நிறம் இருப்பினும் அது நச்சற்றது எனக் கருதிவிடக் கூடாது. கையுறை, முகக்கவசம், முழுக்கை உடை ஆகியவற்றை அணிந்து, காற்று வீசும் திசையறிந்து தெளிக்க வேண்டும்.

வயலில் பெறும் அறிவுரை

நோய் இன்னதென அறிதல், அது தோன்றிய காரணத்தை அறிதல், அதனைத் தணிக்கும் வழியை அறிதல், பின்னர் முறைப்படி செயற்படுதல் என்னும் வரிசையைத் திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் மருத்துவர்க்கு வகுத்துள்ளது. பயிர் ஆலோசகரின் பணியும் இதே வரிசையில் அமைகிறது.

ஆலோசகரின் பணி விதைப்பதற்கு முன்பே தொடங்குகிறது. அவர் மண்ணை ஆய்வுக்கு அனுப்பச் சொல்வார். கோடை உழவால் மண்ணுள் உறங்கும் கூட்டுப்புழுக்கள் வெளிப்பட்டு வெயிலாலும் பறவைகளாலும் அழியும் என எடுத்துரைப்பார். கடைசி உழவில் வேப்பம் பிண்ணாக்கு இடுதல், விதைநேர்த்தி செய்தல், வரப்போரம் தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி போன்றவற்றை விதைத்தல் ஆகியவற்றைப் பரிந்துரைப்பார். வரப்புப் பயிர்களின் பூக்களை நாடி வரும் பொறிவண்டுகளும் ஒட்டுண்ணிக் குளவிகளும் தீமை செய்யும் பூச்சிகளை அழித்து, கூலியின்றிக் காவல் புரியும்.

பயிர் முளைத்தபின் ஆலோசகர் குறிப்பிட்ட இடைவெளியில் வயலுக்கு வருவார். வரப்பில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பமாட்டார். வயலுக்குள் வளைந்து வளைந்து நடந்து, ஐந்து இடங்களில் இடத்துக்கு இருபது செடிகளாக நூறு செடிகளைப் பார்ப்பார். முட்டைக் குவியல், சுரண்டிய இலை, குருத்தில் எச்சம் ஆகியவற்றை எண்ணிக் குறித்துக்கொள்வார். இனக்கவர்ச்சிப் பொறியில் விழுந்த அந்துப்பூச்சிகளையும் கணக்கிடுவார். புழுவைக் கையிலெடுத்து அதன் தலையில் தலைகீழ் ‘ஒய்’ வடிவக் கோடும், உடலின் பின்முனையருகே சதுரமாக அமைந்த நான்கு கரும்புள்ளிகளும் உள்ளனவா என நோக்குவார். இவ்வடையாளங்களைக் கண்ட பின்னரே அது படைப்புழுதான் என உறுதிசெய்வார். மருந்து தேவைப்படின், அதனைக் காலையிலோ மாலையிலோ குருத்துக்குள் இறங்குமாறு தெளிக்க வேண்டும் என்பதைச் செய்து காட்டுவார்.

எண்ணித் துணிதல்

வயலில் ஒரு புழுவைக் கண்டவுடன் மருந்து தெளிப்பது அறிவுடைமை ஆகாது. புழுவால் ஏற்படக்கூடிய இழப்பு மருந்துச் செலவைவிடக் குறைவாயின், தெளிப்பதே இழப்பாகும். இழப்பு அவ்வளவை எட்டுவதற்குள் நடவடிக்கை எடுக்க வேண்டிய எல்லையைப் ‘பொருளாதாரச் சேதநிலை’ என வேளாண் அறிவியல் குறிப்பிடுகிறது. கலிபோர்னியாவைச் சேர்ந்த ஸ்டெர்ன், ஸ்மித், வான் டென் பாஷ், ஹேகன் ஆகிய நால்வர் 1959-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை இக்கருத்தை நிலைநாட்டியது. மக்காச்சோளத்தின் குருத்துப் பருவத்தில் நூற்றுக்குப் பத்துச் செடிகள் தாக்கப்பட்டிருத்தல் என்னும் அளவையொட்டி இவ்வெல்லை பெரும்பாலும் கொள்ளப்படுகிறது. பயிரின் வயதுக்கேற்ப இது மாறும்.

எண்ணிப் பார்த்துச் செயற்படும் வழக்கம் இதற்கும் முற்பட்டது. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் 1920-களில் பருத்திக் காய்க்கூன்வண்டு பேரழிவை உண்டாக்கியபோது, டுவைட் ஐஸ்லி என்னும் பூச்சியியல் அறிஞர் வயல்களை முறையாக எண்ணிப் பார்த்துத் தேவையான இடத்தில் மட்டும் மருந்து தூவும் முறையை வளர்த்தெடுத்தார். பருத்தி வயல்களில் தொடங்கிய இவ்வழக்கமே பிற்காலத்தில் பயிர் ஆலோசனை தனித்தொழிலாக வளர அடித்தளமிட்டது. பருத்தி விளையும் கரிசல் பூமிக்கும் இவ்வரலாறு பொருந்துவதே.

பூச்சியா, பசியா?

எல்லா நலிவுக்கும் பூச்சியோ நோயோ காரணமாவதில்லை. மக்காச்சோளத்தின் இளம் இலைகளில் நரம்புகளுக்கு இடையே வெளிர்மஞ்சள் பட்டைகள் தோன்றுவதுண்டு. அதனை நோயெனக் கருதிப் பூஞ்சைக்கொல்லி தெளிப்போர் உளர். அது பெரும்பாலும் துத்தநாகக் குறையின் அறிகுறி. சுண்ணாம்புத்தன்மை மிகுந்த கரிசல் மண்ணில் துத்தநாகம் இருந்தும் வேர்களால் எடுத்துக்கொள்ள இயலாத நிலை ஏற்படும். பசித்திருக்கும் பயிருக்கு உணவிடாமல் நச்சைத் தெளிப்பதால் பயன் இல்லை. துத்தநாக சல்பேட்டு இடுவதே அதற்குத் தீர்வு.

எலுமிச்சையில் தோன்றும் சொறிநோய் மற்றொரு சான்று. அது நுண்ணுயிரியான பாக்டீரியாவால் வருவது. பூச்சிக்கொல்லிக்கு அது கட்டுப்படாது. தாக்கப்பட்ட கிளைகளை வெட்டி எரித்தலும் தாமிரம் கலந்த மருந்தைத் தெளித்தலும் உரிய முறைகளாகும். இத்தகைய வேறுபாடுகளைப் பிரித்தறிந்து சொல்வதே ஆலோசகரின் தலையாய உதவி.

கணக்கிட்டுப் பார்ப்போம்

அறிவுரைக்குப் பணம் தருவதா என்னும் தயக்கம் உழவரிடம் எழுவது இயல்பு. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கால் இதனை ஆராயலாம். நான்கு ஏக்கரில் மக்காச்சோளம் விதைத்த ஒருவருக்கு மருந்தும் கூலியும் சேர்த்து ஏக்கருக்கு ஒரு தெளிப்புக்கு 1,500 ரூபாய் ஆகிறது எனக் கொள்வோம். நாளெண்ணி நான்கு முறை தெளித்தால் மொத்தச் செலவு 24,000 ரூபாய். வயலை ஆய்ந்து இரண்டு முறை தெளித்தாலே போதும் என்னும் நிலை இருப்பின் அச்செலவு 12,000 ரூபாய். ஆலோசகருக்கு ஏக்கருக்கு 700 ரூபாயாக 2,800 ரூபாயும், பொறிகள் முதலியவற்றுக்கு 1,200 ரூபாயும் சேர்த்தால் மொத்தம் 16,000 ரூபாய். எஞ்சுவது 8,000 ரூபாய். அதாவது கட்டணத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு.

பூச்சித் தாக்குதல் மிகுந்த ஆண்டில் நான்கு தெளிப்புகளும் தேவைப்படலாம். அப்போது செலவு குறையாது. ஆனால், உரிய நாளில் உரிய இடத்தில் தெளித்தமையால் விளைச்சல் காக்கப்படும். ஒரு பருவத்தின் கணக்கை மட்டும் கொண்டு ஆலோசனையின் பயனை அளவிடுதல் பொருந்தாது. மண்ணின் நலம், நன்மை செய்யும் பூச்சிகளின் பெருக்கம், தெளிப்பவரின் உடல்நலம் ஆகியவை பணக்கணக்கில் எளிதில் அடங்குவதில்லை.

அறிவுத்துணை கிடைக்கும் இடங்கள்

கட்டணமின்றி அறிவுரை பெறவும் வழிகள் உள்ளன. ஒவ்வொரு வட்டாரத்திலும் வேளாண்மை விரிவாக்க மையமும் உதவி வேளாண்மை அலுவலர்களும் உள்ளனர். அண்டை நகரான கோவில்பட்டியில் 1901-இல் தொடங்கப்பட்ட வேளாண் ஆராய்ச்சி நிலையம், மானாவாரிக் கரிசல் பயிர்களுக்கென நூற்றாண்டுக்கும் மேலாகப் பணியாற்றுகிறது. இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-இல் புதுச்சேரியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின்கீழ் அமைந்தது. இன்று மாவட்டந்தோறும் அத்தகைய நிலையங்கள் இயங்குகின்றன. 1800-180-1551 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் உழவர்கள் தமிழிலேயே ஐயம் கேட்கலாம். 2018-இல் தமிழக அரசு அறிமுகப்படுத்திய ‘உழவன்’ செயலியும் துணைபுரிகிறது.

எனினும் ஓர் அலுவலர் பல ஊர்களைக் கவனிக்க வேண்டியுள்ளதால் ஒவ்வொரு வயலுக்கும் வாரந்தோறும் வருதல் இயலாது. அந்த இடைவெளியை நிரப்பும் நோக்குடன் 2002-ஆம் ஆண்டில் நடுவண் அரசு வேளாண் மருத்துவ மையங்கள், வேளாண் வணிக மையங்கள் திட்டத்தைத் தொடங்கியது. வேளாண் பட்டதாரிகள் 45 நாள் பயிற்சி பெற்று, வங்கிக் கடனும் மானியமும் கொண்டு தம் ஊரிலேயே ஆலோசனை மையம் அமைக்க அத்திட்டம் உதவுகிறது.

தமிழகத்தில் ஒரு நில உடைமையின் சராசரிப் பரப்பு 0.75 ஹெக்டேர் என 2015–16 வேளாண் கணக்கெடுப்பு தெரிவிக்கிறது. இத்துணைச் சிறு நிலமுடையவர் தனியே ஆலோசகரை அமர்த்துவது கடினம். ஓர் ஊரின் உழவர்கள் குழுவாகவோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் வழியாகவோ ஒருவரை அமர்த்தினால் கட்டணம் பகிரப்படும். அந்துப்பூச்சி வரப்பைத் தாண்டிப் பறப்பதால், ஊர் முழுவதும் ஒரே காலத்தில் விதைத்து ஒன்றாகச் செயற்படுவது பயிருக்கும் நல்லது.

கேட்டலும் கற்றலும்

ஆலோசகர் மழையைத் தரமாட்டார். சந்தை விலையையும் உயர்த்தமாட்டார். அவர் சொல்லும் அனைத்தும் தவறாமல் பலிக்கும் என்பதும் இல்லை. ஆதலால் அவர் எந்த நிறுவனத்தின் பொருளையும் விற்பவரா, கல்வித்தகுதி உடையவரா, வயலுக்கு நேரில் வருபவரா, பரிந்துரையை எழுத்தில் தருபவரா என ஆராய்ந்தே உழவர் அவரை அமர்த்த வேண்டும். அந்நிலத்தில் நீர் தேங்கும் மூலை எது, முந்தைய ஆண்டு என்ன விளைந்தது என்பதை அறிந்தவர் உழவரே. அவருடைய பட்டறிவைக் கேட்டறியாத ஆலோசகரின் படிப்பறிவு குறையுடையதே.

இந்தோனேசியாவின் பட்டறிவு இங்கு நினைக்கத்தக்கது. அளவுமீறிய மருந்துத் தெளிப்பு புகையான் பூச்சியின் இயற்கை எதிரிகளை அழித்ததால் நெற்பயிர் பேரழிவுக்கு உள்ளானது. அந்நாட்டு அரசு 1986-இல் 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்குப் பயன்படுத்தத் தடை விதித்தது. தொடர்ந்து 1989-இல் உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. உழவர்கள் வாரந்தோறும் வயலில் கூடி, நன்மை செய்யும் பூச்சிகளையும் தீமை செய்யும் பூச்சிகளையும் தாமே எண்ணி, தாமே முடிவெடுக்கக் கற்றனர். நல்ல ஆலோசகரின் இலக்கும் இதுவே. உழவரை என்றும் தம்மைச் சார்ந்தவராக வைத்திராமல், அவரையே வயலறிந்தவராக ஆக்குபவரே சிறந்த ஆலோசகர்.

சென்னை சைதாப்பேட்டையில் 1868-இல் ஒரு வேளாண் பள்ளியாகத் தோன்றி, 1906-இல் கோயம்புத்தூருக்கு இடம்பெயர்ந்து, 1971-இல் பல்கலைக்கழகமாக மலர்ந்த நிறுவனம் நம் மாநிலத்தில் உள்ளது. அங்குக் கற்றுத் தம் ஊருக்குத் திரும்பும் இளைஞர் ஒருவர், வரப்பில் நில்லாது வயலுக்குள் இறங்கி நூறு செடிகளை எண்ணிப் பார்த்து, ‘இன்று மருந்து வேண்டாம்’ எனத் துணிந்து சொல்வாராயின், அச்சொல் ஓர் உழவரின் பணத்தைக் காக்கும். அவர்தம் உடல்நலத்தையும் காக்கும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊர் வயலொன்றில், உரிமையாளரின் இசைவு பெற்று, ஐந்து இடங்களில் இடத்துக்கு இருபது செடிகளாக நூறு செடிகளைப் பார்த்து, தாக்கப்பட்டவற்றின் எண்ணிக்கையைப் பட்டியலிடுக.

2. ‘அறிவுரைக்குக் கட்டணம் தேவையா?’ என்னும் தலைப்பில் உழவர், ஆலோசகர், மருந்து விற்பனையாளர் ஆகிய மூவர் உரையாடுவதுபோல் வகுப்பறையில் நடித்துக் காட்டுக.

3. உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தின் பணிகளைக் கேட்டறிந்து அறிக்கை எழுதுக.

மதிப்பீடு

குறுவினா
1. பொருளாதாரச் சேதநிலை என்றால் என்ன?
2. படைப்புழுவை இனங்காண உதவும் அடையாளங்கள் யாவை?

சிறுவினா
1. குருத்துக்குள் புகுந்த புழுவை மருந்தால் அழிப்பது கடினமாவது ஏன்?
2. கடையில் பெறும் அறிவுரைக்கும் வயலில் பெறும் அறிவுரைக்கும் உள்ள வேறுபாடுகளை எழுதுக.

நெடுவினா
1. பயிர் ஆலோசகரால் உழவருக்கு விளையும் நன்மைகளையும் அவரை அமர்த்தும்போது கருத வேண்டியவற்றையும் தொகுத்து எழுதுக.